மலைமேல் ஒரு தொழிலூர்

உதகமண்டலம் நோக்கி மலை ரயிலில் ஏறும் யாத்திரிகர்கள், குன்னூரில் பற்சக்கரப் பாதை முடிந்து வண்டி சாதாரணத் தண்டவாளத்தில் ஓடத் தொடங்கியதும், இனிப் பார்க்க வேண்டியது உதகை ஒன்றே என்ற நினைப்பில் சற்றே கண்ணயர்ந்துவிடுவது வழக்கம். அந்த அயர்வுக்கு நடுவே, வெல்லிங்டனுக்கும் கேத்திக்கும் இடையில், அருவங்காடு என்ற சிறு நிலையம் வந்து போய்விடுகிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ராணுவத்துக்கு வெடிமருந்து செய்துவரும் ஊர் அது என்பதும், அதைச் சுற்றிச் சில மைல் தூரத்துக்குள் ஊசித் தொழிற்சாலையொன்றும், தடுப்பு மருந்து செய்யும் ஸ்தாபனமொன்றும், ஒரு காலத்தில் பிலிம் தொழிற்சாலையொன்றும் தோன்றியிருக்கின்றன என்பதும், ஏரியையும் பூங்காவையும் தேயிலையையும் வர்ணிக்கும் சுற்றுலாப் பிரசுரங்களில் இடம்பெறாத செய்திகள்.

யந்திரத் தொழிலுக்குச் சமவெளி வேண்டும், அகன்ற ரயில் பாதை வேண்டும், துறைமுகமோ பெருநகரமோ அருகில் வேண்டும் என்பது பொருளாதார சாஸ்திரத்தின் பாலபாடம். இவற்றுள் ஒன்றும் இல்லாத ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் ஆலைகள் ஏன் வந்தன, வந்தவற்றுள் சில ஏன் நிலைத்தன, ஒன்று ஏன் அடியோடு அழிந்தது என்ற கேள்விகளை, அருவங்காட்டை மையமாக வைத்துக்கொண்டு இங்கே ஆராயலாம். குளிரும் நீரும் ஆலைகளை மலைமேல் அழைத்துவந்தன என்பது எல்லோரும் சொல்லும் விடை. அது அரைவாசி உண்மைதான். அழைத்துவந்தது சீதோஷ்ணம், வாழவைத்ததும் சாகவிட்டதும் கொள்முதல்காரர்கள். இதுவே என் முடிவு. இதற்கான ஆதாரங்களை இனிப் பார்ப்போம்.

அருவங்காடு இன்று ஜெகதளா பேரூராட்சியைச் சேர்ந்தது. ஜெகதளா பழைய படகர் ஊர். அதன் பெயரைத்தான் ஆங்கிலேயர் 'ஜாக்கத்தல்லா' என்று திரித்து, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தாங்கள் எழுப்பிய பாசறைக்கு இட்டு, பின்னர் அதை வெல்லிங்டன் என்று மாற்றிக்கொண்டார்கள். இவ்வாறு ராணுவம் முன்பே குடியேறியிருந்த பள்ளத்தாக்கின் மேற்புறத்தில்தான் வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. கிச்சனர் பிரபு இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த காலத்தில், 1904-ஆம் ஆண்டு, தொழிற்சாலை வேலை தொடங்கியது. அதற்கு முன் இந்தியாவில் வெடிமருந்து செய்யப்படவில்லை என்பதில்லை. வங்காளத்து ஈசாப்பூரில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே கரிமருந்து தயாராகிவந்தது. ஆனால் துப்பாக்கிகள் மாறிவிட்டன. புகை கக்கும் கரிமருந்து அவற்றுக்கு ஏற்றதாக இல்லை.

புகை குறைந்த புதிய மருந்துக்குக் கார்டைட் என்று பெயர். பிரடெரிக் ஏபல், ஜேம்ஸ் டூவர் என்ற இரு விஞ்ஞானிகள் 1889-இல் இங்கிலாந்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். இதன் செய்முறையைச் சிறிது விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனெனில் அருவங்காடு ஏன் அருவங்காட்டில் இருக்கிறது என்பதற்கான காரணம் முழுவதும் அந்தச் செய்முறைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. பருத்தியை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் தோய்த்து எடுத்தால் வெடிபஞ்சு கிடைக்கிறது. கிளிசரினை அதே அமிலங்களுடன் கலந்தால் நைட்ரோகிளிசரின் என்ற எண்ணெய் கிடைக்கிறது. ஆரம்ப காலத்துக் கார்டைட்டில் இந்த எண்ணெய் நூற்றுக்கு 58 பங்கும், வெடிபஞ்சு 37 பங்கும், வாசலைன் என்று நாம் அறிந்த கனிமக் களிம்பு 5 பங்கும் இருந்தன. இவற்றை அசிட்டோன் என்ற திரவத்தால் குழைத்து, இடியாப்பம் பிழிவதுபோல் துளைத்தட்டு வழியே அழுத்தி, நீண்ட கயிறுகளாக எடுத்து உலர்த்துவார்கள்.

இந்த வேலையில் உஷ்ணமே பரம சத்துரு. கிளிசரின் அமிலத்தில் சொட்டச் சொட்டக் கலவை தானாகவே சூடேறும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் சூடேறினால், அவ்வளவையும் தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டு ஓடவேண்டியதுதான். ஸ்காட்லாந்தில் ஆல்பிரட் நோபல் நிறுவிய ஆர்டியர் ஆலையில், உஷ்ணமானியைக் கண்காணிக்கும் தொழிலாளிக்கு ஒற்றைக்கால் ஆசனம் போட்டிருந்தார்கள். கண்ணயர்ந்தால் கீழே விழுந்து விழித்துக்கொள்வான் என்பது ஏற்பாடு. வெடிபஞ்சு வேறுவிதமான தொல்லை கொடுப்பது. அதில் அமிலத்தின் சுவடு சிறிதளவு தங்கிவிட்டாலும், என்றோ ஒரு நாள் கிடங்கில் தானே சிதைந்து தீப்பற்றக்கூடும். ஆகவே அதை மீண்டும் மீண்டும் கொதிக்கவைத்து, கூழாக அரைத்து, ஏராளமான சுத்த நீரில் அலசவேண்டும். செய்து முடித்த மருந்தும் வெப்பத்தில் நாளடைவில் கெட்டுப்போகும். கோடையில் நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும் இந்தியச் சமவெளியில் இந்தத் தொழிலை நடத்துவதைக் காட்டிலும், வருஷம் முழுவதும் குளிர்ந்திருக்கும் நீலகிரியில் நடத்துவது உசிதம் என்று அன்றைய நிபுணர்கள் தீர்மானித்ததில் வியப்பில்லை. கடற்கரையிலிருந்து தொலைவு, எதிரியின் கப்பல் பீரங்கிக்கு எட்டாத மறைவு, பக்கத்திலேயே பாசறை என்ற அநுகூலங்களும் சேர்ந்துகொண்டன.

குன்னூர் வரைக்கும் 1899-இலேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் அது உதகை சென்று சேர்ந்தது 1908-இல்தான். ஆகவே தொழிற்சாலையின் முதல் சில வருஷங்களில், குன்னூரில் இறக்கிய சாமான்கள் சாலை வழியாகவே மேலேறியிருக்கவேண்டும். மலை ரயில் வேலைகளில் ஒப்பந்தக்காரராக இருந்தவர்களுள் உபதலையைச் சேர்ந்த பெள்ளி கவுடரும் ஒருவர். படகர்கள் மாட்டையும் தானியத்தையும் மட்டுமே நம்பியிருந்தார்கள் என்று எண்ணுபவர்கள் அறிந்துகொள்ளவேண்டிய விஷயம் இது. மின்சாரத்துக்குக் கேத்திப் பள்ளத்தாக்கின் நீரைச் சுமந்துவரும் காட்டேரி அருவியைப் பயன்படுத்தினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் ஆரம்ப வருஷங்களிலேயே அந்த அருவி தொழிற்சாலையின் யந்திரங்களை ஓட்டியது. தென்னாட்டில் நீர்மின்சக்தியின் பூர்வ கதையில் காட்டேரிக்கு ஓர் இடம் உண்டு. இன்று அவ்வழியே செல்பவர்கள் அருவியைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அதன் சரித்திரத்தை அங்கே ஒருவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

வெடிமருந்து ஆலை மற்ற ஆலைகளைப்போல் ஒரே கூரையின்கீழ் அமைவதில்லை. சிறு சிறு கட்டடங்களாகப் பிரித்து, ஒன்றில் விபத்து நேர்ந்தால் அடுத்ததைத் தாக்காதபடி இடையிடையே மண்மேடுகளை எழுப்பி, மரங்களை வளர்த்து, பரந்த நிலத்தில் அதைச் சிதறவைப்பார்கள். தீப்பெட்டியை வாசலிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போகவேண்டும்; ஆணியடித்த செருப்பு கூடாது; இரும்பு இரும்போடு உரசக் கூடாது. முன்பின் யந்திரத்தையே கண்டிராத குடியானவர்கள், சங்கு ஊதும் நேரத்துக்கு உழைப்பதையும், உஷ்ணமானியைப் படிப்பதையும், ஒரு கிராம் தப்பினாலும் அபாயம் என்ற எச்சரிக்கையையும் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடமாக இந்த இடம் அமைந்தது. இரண்டு உலக மகாயுத்தங்களிலும் அதன் வேலை பெருகியது. விபத்துகளும் நேர்ந்திருக்கின்றன, பல வருஷங்களுக்கு ஒருமுறையேனும் பத்திரிகைகளில் வரும் அச்செய்திகளை, இத்தகைய தொழிலின் நியதி என்று ஏற்றுக்கொள்வது ஊராருக்குப் பழகியிருக்கலாம், மேற்பார்வையாளருக்கு அது பழகிவிடக் கூடாது.

தொழிற்சாலையைச் சுற்றிக் குடியிருப்பும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் உண்டாயின. சமவெளியிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் ஏறிவந்த தொழிலாளர் குடும்பங்களும், சுற்றியுள்ள ஹட்டிகள் என்னும் தங்கள் ஊர்களிலிருந்து வேலைக்கு வந்த படகர்களும் சேர்ந்து, நீலகிரியின் மற்ற ஊர்களில் காண முடியாத ஒரு கலப்பை உருவாக்கினார்கள். தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளி துரையின் தயவில் வாழ்ந்தான்; இங்கே மாதச் சம்பளம், பென்ஷன், தொழிற்சங்கம் ஆகிய மூன்றும் அவனுக்குக் கிடைத்தன. உருளைக்கிழங்கின் விலையும் பச்சைத் தேயிலையின் விலையும் ஏறி இறங்கும்போதெல்லாம் ஹட்டிகளுக்கு ஆதாரமாக இருந்தது சர்க்கார் சம்பளந்தான். ஆகவேதான் பெண் கொடுக்கும் பெற்றோர் தேயிலைத் தோட்டத்தின் ஏக்கரைக் கேட்பதற்கு முன், மாப்பிள்ளை 'பேக்டரி'யில் இருக்கிறாரா என்று கேட்டார்கள்.

இனி மற்ற ஆலைகளுக்கு வருவோம். மலைமேல் எழுந்த தொழில்கள் யாவற்றையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். வெடிமருந்து, ஊசி, பிலிம், தடுப்பு மருந்து, தேயிலைத்தூள் ஆகிய இவை யாவும் எடைக்கு எடை விலை மிகுந்த பண்டங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும் லாரியின் வாடகையைத் தாங்கக்கூடியவை இவைதாம். சிமெண்டும் இரும்பும் இங்கே வராததற்குக் காரணம் மூலப்பொருள் இன்மை மட்டுமன்று. மலையின் மகத்தான மற்றொரு செல்வமாகிய நீர்வீழ்ச்சியும், பைக்காராவில் 1932-இலும் பின்னர் கனடா நாட்டின் உதவியுடன் குந்தாவிலும் மின்சாரமாக மாற்றப்பட்டு, கம்பி வழியே கீழே இறங்கிச் சென்று கோயம்புத்தூரின் பஞ்சாலைகளை ஓட்டியது. கம்பிக்கு வாடகை இல்லை அல்லவா! நீலகிரி தன் சக்தியைக் கொடுத்துச் சமவெளியைத் தொழில் நாடாக்கியது என்று சொன்னால் மிகையாகாது.

குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907-இல் வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்ய ஏற்பட்டது. நாடு முழுவதற்கும் தடுப்பு மருந்து அனுப்பிவந்த அதன் உற்பத்தி உரிமத்தை, நவீனத் தர விதிகளை அநுசரிக்கவில்லை என்று 2008-இல் மத்திய அரசு நிறுத்திவைத்தது. எதிர்ப்புக் கிளம்பிய பின், 2010-இல் அந்த உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. கொள்பவனும் தடுப்பவனும் அரசாங்கமாகவே இருக்கும் ஸ்தாபனங்களின் நிலை எத்தகையது என்பதற்கு இது ஒன்றே போதும், மேலே செல்வோம்.

மிகவும் விரிவாகச் சொல்லவேண்டிய கதை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் கதை. காமராஜர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்தபோது, 1960-இல் மத்திய சர்க்காரின் கம்பெனியாக அது பதிவுபெற்றது. பிரெஞ்சு நிறுவனமொன்றின் தொழில்நுட்ப உதவியுடன் உதகைக்கு அருகே ஆலையும் 'இந்து நகர்' என்ற குடியிருப்பும் எழுந்தன. 1967-இல் உற்பத்தி தொடங்கியது. பிலிம் என்பது, ஜெலட்டினில் வெள்ளி உப்புகளைக் கலந்து, மெல்லிய ஏட்டின்மேல் தடவி உலர்த்தியது. ஒரு தூசு விழுந்தாலும் எக்ஸ்ரே படத்தில் இல்லாத நோயைக் காட்டிவிடும். வெப்பமும் ஈரமும் மிகுந்தால் பூச்சு கெட்டுவிடும். ஆகவே தூசற்ற காற்றும் குளிரும் நல்ல நீரும் உள்ள உதகையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு ஏறக்குறைய அறுபது வருஷங்களுக்கு முன் கார்டைட்டுக்குச் சொன்ன அதே நியாயந்தான்! ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலை பார்த்தார்கள். இருட்டறையில், கைத்தடவலிலேயே இடமறிந்து வேலை செய்யப் பழகிய தொழிலாளிகள் அவர்கள். நாட்டின் ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே பிலிமும், ஸ்டூடியோக்களில் கறுப்பு வெள்ளை பிலிமும், படம் கழுவி அச்சிடும் காகிதமும் 'இந்து' என்ற பெயரில் நெடுங்காலம் புழங்கின.

அதன் வீழ்ச்சிக்கு ஒரு காரணம் சொல்வது எளிது. எல்லாக் காரணங்களையும் சொல்வதே நேர்மை. ஆலை நிமிர்ந்து நிற்பதற்குள் சினிமாவும் ஸ்டூடியோவும் வர்ணத்துக்கு மாறத் தொடங்கின. வர்ணப் பிலிமைச் சுயமாகச் செய்யும் திறமை அதற்கு வாய்க்கவில்லை. பாலியஸ்டர் எக்ஸ்ரே பிலிமுக்காகப் பெருங்கடன் வாங்கிப் புதிய ஆலை எழுப்பிய காலமும், 1991-க்குப் பின் இறக்குமதித் தடைகள் தளர்ந்த காலமும் ஒன்றாக அமைந்தன, வட்டி பெருகியது. 1990-களின் நடுவில் அது நலிவுற்ற தொழிலாக அறிவிக்கப்பட்டது. அதன் பின்னும் பல வருஷங்கள், வேலை இல்லாமல் சம்பளம் மட்டும் வந்துகொண்டிருந்த ஒரு வினோதமான இடைக்காலம் நீடித்தது. 2014-இல் மத்திய அமைச்சரவை விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு நிதி ஒதுக்கி, மிஞ்சியிருந்த ஊழியருள் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியது. இவ்வளவுக்கும் நிர்வாகத்தைக் குறைகூறிவிட்டுப் போவது நியாயமாகாது; உலகத்துக்கே பிலிம் விற்ற அமெரிக்காவின் கோடாக் கம்பெனி 2012-இல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் ஏறியதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும் ஒன்று சொல்வேன்: குளிரையும் தூசற்ற காற்றையும் அளந்து பார்த்த திட்டக்காரர்கள், பிலிம் வாங்குபவர் நாளை எதை வாங்குவார் என்பதை அளந்து பார்க்கவில்லை.

இதற்கு நேர்மாறானது கேத்திப் பள்ளத்தாக்கில், எல்லநள்ளியில் உள்ள ஊசித் தொழிற்சாலை. இங்கிலாந்தில் ஸ்டட்லி என்ற ஊரின் ஊசிக் கம்பெனி 1949-இல் இந்தத் தொழிற்சாலையைத் தொடங்கியது. தையல் ஊசியும் பின்னல் ஊசியும் போன்ற அற்பப் பொருள்களே அதன் சரக்கு. ஆனால் அவை ஒரே எஜமானனுக்கு அன்றி, உலகெங்குமுள்ள தையற்காரர்களுக்கும் பின்னல் வேலை செய்யும் பெண்களுக்கும் போய்ச் சேர்ந்தன. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் 1973-இல் வந்தபோது, அந்நிய முதலை நூற்றுக்கு 40-க்குக் குறைக்கவேண்டிய நிர்ப்பந்தத்தில் பங்குதாரர்களுக்குள் மூண்ட வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் சென்றது. தலைமை நீதிபதி சந்திரசூட் 1981-இல் அதில் அளித்த தீர்ப்பை, கம்பெனிச் சட்டம் பயிலும் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். கேத்திப் பள்ளத்தாக்கு எங்கே இருக்கிறது என்பது அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியுமோ! அந்த மலைச்சரிவு ஆலையின் பெயர் மட்டும் சட்டக் கல்லூரிகளில் நிலைத்துவிட்டது.

ஒரே கொள்முதல்காரரை நம்பிய ஊர்களின் கதி என்ன என்பதற்கு வெளிநாட்டு உதாரணங்களும் உண்டு. முதல் உலக யுத்தத்தின்போது ஸ்காட்லாந்து எல்லையில் கிரெட்னா என்ற இடத்தில் மாபெரும் கார்டைட் ஆலை எழுந்தது. வேலைக்கு வந்தவர்களுள் பெண்கள் பல்லாயிரவர். அவர்களுக்காகவே புதிய ஊர்கள் கட்டப்பட்டன. யுத்தம் முடிந்ததும் ஆலையும் முடிந்தது. ருமேனியாவில் ஃபகராஷ் மலையின் அடிவாரத்தில், ரசாயன ஆலையொன்றுக்காகவே கட்டப்பட்ட விக்டோரியா என்ற சிற்றூர், 1989-ஆம் வருஷப் புரட்சிக்குப் பின் ஆலை சுருங்கியபோது தானும் சுருங்கியது. அருவங்காடு அந்தக் கதியை அடையாததற்குக் காரணம், யுத்தம் முடிந்த பின்னும் அதன் கொள்முதல்காரர் போகவில்லை என்பதே. பிரிட்டிஷ் ராணுவம் போனாலும் இந்திய ராணுவம் வந்தது. கார்டைட் என்ற பழைய மருந்தின் இடத்தை வேறு புதிய உந்துமருந்துகள் பிடித்துக்கொண்ட பின்னும், தொழிற்சாலையின் பெயர் மட்டும் கார்டைட் தொழிற்சாலையாகவே இருந்துவருகிறது.

அந்த உறுதிப்பாட்டில்தான் இப்போது ஓர் அசைவு ஏற்பட்டிருக்கிறது. ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வாரியத்தை 2021 அக்டோபர் 1-ஆம் தேதி மத்திய அரசு கலைத்து, 41 தொழிற்சாலைகளையும் ஏழு கம்பெனிகளாகப் பிரித்தது. அருவங்காடு, புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட முனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டின்கீழ் வந்தது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, வேலைநிறுத்தத்தைத் தடுக்க அவ்வருஷமே அத்தியாவசியப் பாதுகாப்புப் பணிகள் சட்டம் இயற்றப்பட்டது. கம்பெனியாக மாறியதால் ஏற்றுமதிக்கும் சுறுசுறுப்பான நிர்வாகத்துக்கும் வழி பிறக்கும் என்பது அரசின் வாதம். அதில் சாரம் இல்லாமல் இல்லை. உலகில் யுத்தங்கள் மூளும்போது உந்துமருந்துக்குக் கிராக்கி ஏறுவதையும் காண்கிறோம். ஆனால் இலாகாவின் கிளையாக இருந்த வரைக்கும், ஆர்டர் குறைந்த வருஷத்திலும் சம்பளம் நின்றதில்லை. கம்பெனிக்கு ஐந்தொகை என்று ஒன்று உண்டு. தனியார் உற்பத்தியாளர்களோடு போட்டியிட்டு ஆர்டர் பெறவேண்டிய நாளில், மலையேற்ற வாடகையும் ஒரு செலவாகக் கணக்கில் ஏறும். குளிரூட்டும் யந்திரம் எங்கும் கிடைக்கும் இக்காலத்தில், 1904-இல் சொன்ன சீதோஷ்ண வாதம் அருவங்காட்டைக் காப்பாற்றாது. காப்பாற்றக்கூடியது, மூன்று நான்கு தலைமுறையாக அங்கே சேர்ந்திருக்கும் கைத்திறமை ஒன்றே; அதுவும் ஓய்வுபெறுபவர்களின் இடத்தில் ஒப்பந்தக்கூலிகளை அமர்த்திக்கொண்டே போனால் கரைந்துபோகும்.

புதிய ஆலைகளை மலைக்கு அழைப்போம் என்று மேடையில் முழங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986-இலும், மலைப்பிரதேசப் பாதுகாப்பு ஆணையம் 1990-இலும் ஏற்பட்ட பின், மலையில் பெருங்கட்டடங்களுக்கு இடமில்லை. மண்சரிவைக் கண்டவர்கள் அந்த விதிகளைக் குறைகூற மாட்டார்கள். குன்னூர்ச் சுற்றுப்புறங்களில் காட்டெருமைகள் வீட்டு வாசலில் வந்து நிற்கின்றன. இருக்கிற காட்டையும் அழித்து ஆலை கட்டச் சொல்வது பேதைமை. சிறு தேயிலை விவசாயிகளோ, இண்ட்கோ கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இருந்தும், பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியான விலை கேட்டுப் போராடிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தத் தொழில் இன்னும் ஆட்களை ஏற்கும் நிலையில் இல்லை. ஆகவே மலைக்குள்ள வழி, புதிதாக அழைப்பதன்று. இருப்பதை இழக்காமல் காப்பதே.

அதற்கு இரண்டு காரியங்கள் உடனே ஆகவேண்டும். அருவங்காட்டில் ரசாயனத் தொழில்நுட்பப் பயிற்சிக்கு முனிஷன்ஸ் இந்தியா நிறுவனம் இடங்களை விரிவாக்கி, ஜெகதளாவையும் கேத்தியையும் சுற்றியுள்ள ஹட்டிகளின் பிள்ளைகளை, பெண்களையும் சேர்த்து, நிரந்தர வேலைக்கு எடுக்கவேண்டும். இரண்டாவது, இந்து நகரில் பாழடைந்துவரும் கட்டடங்களைப் பற்றியது. அவற்றை விற்பதா, இடிப்பதா என்று முடிவெடுக்கும்முன், அங்கே வேலைபார்த்த தொழிலாளிகள் உயிரோடிருக்கும்போதே அவர்கள் அறிந்ததைப் பதிவு செய்து, ஒரு கட்டடத்தையாவது தொழில் சரித்திரக் காட்சிச்சாலையாக வைக்குமாறு தமிழ்நாட்டு அரசையும் மத்திய அரசையும் கேட்டுக்கொள்கிறேன். நீலகிரிச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை எடுத்துப் பேச வேண்டும்.